கிளிமூக்கு மாவுக்கு விலை எழுதுவது யார்?

கடந்த 2025 ஜூன் மாதத்தின் ஒரு பிற்பகலில், காவேரிப்பட்டணத்துக்கு அருகே ஒரு மாங்கூழ் ஆலையின் வாசலில் நின்றிருந்தேன். சாலையின் ஓரமாக டிராக்டர்களும் மினி லாரிகளும் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை வரிசையில் நின்றன. வெயிலில் காய்ந்த மாங்காயின் பால் வாடையும், ஆலைக்குள்ளிருந்து வந்த இனித்த ஆவியும் கலந்து அடித்தன. முதல் நாள் மாலையே வந்து வரிசையில் இடம்பிடித்து, இரவு வண்டிக்கு அடியில் படுத்து, மறுநாள் நண்பகலில் சரக்கை இறக்கிவிட்டு வெளியே வந்த ஒரு விவசாயி, தன் எடைச் சீட்டை என்னிடம் காட்டினார். வண்டி எண், தேதி, சரக்கோடு சேர்ந்த எடை, காலி வண்டியின் எடை, நிகர எடை என்று எல்லாக் கட்டங்களும் நிரப்பப்பட்டிருந்தன. விலைக்கான கட்டம் மட்டும் வெறுமையாக இருந்தது.

"விலை போடலையே?" என்றேன்.

"அது அப்புறமா சொல்லுவாங்க சார். எல்லாருக்கும் அப்படித்தான்" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. மழை எப்போது வரும் என்று கேட்டால் சொல்வதுபோலச் சொன்னார்.

இந்த ஆண்டும் தை பிறந்ததும் கிருஷ்ணகிரித் தோப்புகள் பூவெடுத்து நிற்கின்றன. இன்னும் சில மாதங்களில் அதே சாலையில் அதே வரிசை நிற்கும். அந்த வெற்றுக் கட்டத்தைப் பற்றி இப்போதே பேசிவிடுவது நல்லது. காய் கனிந்த பிறகு பேசுவதற்கு யாருக்கும் நேரம் இருப்பதில்லை.

கிளிமூக்கு மாங்காயை அறியாத தமிழர் இருக்க முடியாது. ஆனால் அதை ஒரு பழமாக மதிப்பவர் குறைவு. மல்கோவா, இமாம்பசந்த், பங்கனப்பள்ளி, செந்தூரா என்று விரும்பிச் சொல்லும் பட்டியலில் அதற்கு இடம் இல்லை. கிருஷ்ணகிரி மண்டிகளில் 'பெங்களூரா' என்றும், வடக்கே 'தோத்தாபுரி' என்றும், ஆந்திரத்தில் 'கலெக்டர்' என்றும் அழைக்கிறார்கள். நீண்ட உடல், அடியில் வளைந்து கூர்ந்த நுனி. தமிழ், கன்னடம், இந்தி ஆகிய மூன்று மொழிகளும் அந்த நுனியில் கிளியின் அலகையே கண்டிருக்கின்றன. தோல் தடித்தது. பழுத்தாலும் பச்சை முழுவதும் மறையாமல், காம்புப் பக்கம் வெயில் பட்ட இடத்தில் ஒரு சிவப்பு மட்டும் ஏறும். சதை கெட்டியானது, நார் அதிகம் இல்லாதது. இனிப்பு மிதமானது, மணமோ ஏறத்தாழ இல்லை என்றே சொல்லிவிடலாம்.

மணம் இல்லாத இந்த மாவுக்குக் காயாக இருக்கும்போது ஒரு தனிச் சுவை உண்டு. பிற மாங்காய்கள் பல்லைக் கூசச் செய்யும் பருவத்திலேயே இது புளிப்போடு சற்று இனிப்பும் கூடி, நறுக்கென்று கடிபடும். சென்னைக் கடற்கரையில் கீற்றுகளாக அரிந்து, மிளகாய்த்தூளும் உப்பும் தடவித் தருவது இதைத்தான். தேங்காய், மாங்காய், பட்டாணிச் சுண்டல் என்று மெரினாவில் கூவியதில் உள்ள மாங்காயும் பெரும்பாலும் இதுவே. பள்ளிக்கூட வாசலில் எட்டணாவுக்கு வாங்கித் தின்ற என் தலைமுறைக்கு, கிளிமூக்கு என்ற சொல்லைக் கேட்டாலே வாயில் நீர் ஊறும். ஆனால், கடற்கரையிலும் பள்ளி வாசலிலும் விற்பது விளைவதில் மிகச் சிறிய பங்கு. எஞ்சியதெல்லாம் ஆலைக்குப் போகிறது. நாட்டில் மாங்கூழ்த் தொழில் திரண்டிருக்கும் இரண்டு முதன்மையான இடங்கள் ஆந்திரத்தின் சித்தூரும் தமிழ்நாட்டின் கிருஷ்ணகிரியும்தான். இரண்டும் நிற்பது இந்த ஒரு ரகத்தின் தோளில்.

ஆலை ஏன் இதை விரும்புகிறது என்பதை விளங்கிக்கொண்டால், விவசாயி ஏன் மாட்டிக்கொண்டார் என்பதும் விளங்கும். மாமரத்துக்கு ஓராண்டு காய்த்து மறு ஆண்டு ஓய்வெடுக்கும் குணம் உண்டு. அல்போன்சாவும் வடநாட்டு ரகங்கள் பலவும் அப்படித்தான். கிளிமூக்கு அந்த வழக்கத்துக்குப் பெரிதும் விலக்கு. ஆண்டுதோறும் ஓரளவு நம்பகமாகக் காய்க்கும். மகசூல் அதிகம். தோல் தடிப்பாக இருப்பதால் லாரியில் மூட்டை மூட்டையாகக் கொட்டி ஏற்றினாலும் தாங்கும். கூழின் அளவு நன்றாக இருக்கும், நார் வடிகட்டியை அடைக்காது. மணம் குறைவு என்பதுகூட ஆலைக்கு வசதியே. அல்போன்சாக் கூழைச் சிறிது சேர்த்து மணத்தைக் கொடுத்துக்கொள்ளலாம், பானத்துக்கு வேண்டிய உடம்பை மலிவான கிளிமூக்கு தரும். 1985-இல் அட்டைப் பெட்டியில் மாம்பழ பானம் இந்தியச் சந்தைக்கு வந்தது முதல், அந்தத் தொழில் வளர வளர மேட்டு நிலத்து மானாவாரி உழவர்களிடம் இந்த ரகமும் பரவியது. வேர்க்கடலையும் கேழ்வரகும் விதைத்த காடுகள் தோப்புகளாயின. போச்சம்பள்ளிக்கு அருகேயுள்ள சந்தூர் நாற்றங்கால்களிலிருந்து ஒட்டுக் கன்றுகள் வண்டி வண்டியாகப் போயின. இன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மட்டும் 30 ஆயிரம் ஹெக்டேருக்கு மேல் மா நிற்கிறது.

(ஓர் இடைக்குறிப்பு: 'சேலத்து மாம்பழம்' என்று ஊர் ஊராய்ப் பெயர் பெற்றதில் ஒரு பகுதி கிருஷ்ணகிரித் தோப்புகளுக்கு உரியது. 1965-இல் தருமபுரி பிரியும் வரை இந்தப் பகுதி சேலம் மாவட்டம்தான். கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004-இல். பெயர் சேலத்திலேயே தங்கிவிட்டது.)

ஆண்டுதோறும் காய்ப்பது, நிறையக் காய்ப்பது, ஒரே காலத்தில் முற்றுவது, வேறு எதற்கும் அதிகம் பயன்படாமல் ஆலைக்கென்றே பொருந்தி இருப்பது ஆகிய நற்குணங்களே உழவரின் கையைக் கட்டிப்போட்டிருக்கின்றன. மல்கோவாவுக்கு விலை இல்லை என்றால் ஊர்ச் சந்தையில், சாலையோரத்தில், கூடையில் வைத்து விற்கலாம். பத்து டன் கிளிமூக்கைச் சாலையோரத்தில் விற்க முடியாது. வாங்குபவர் ஒரு சில ஆலைகள். விற்பவர் பல்லாயிரம் பேர். விற்றாக வேண்டிய காலம் ஐந்தாறு வாரங்கள்.

ஆலைக்குள் நடப்பதையும் சொல்ல வேண்டும். முற்றிய காய் உள்ளே போய், பழுக்கவைக்கும் அறையில் நான்கைந்து நாள்கள் இருக்கிறது. பிறகு கழுவி, கொட்டையும் தோலும் நீக்கிக் கூழாக்கி, கொதிநிலைக்கு நெருக்கமான வெப்பத்தில் கிருமி நீக்கி, காற்றுப் புகாத பைகளில் அடைத்து, இருநூறு கிலோவுக்கு மேல் கொள்ளும் இரும்புப் பீப்பாய்களில் வைத்து மூடுகிறார்கள். நீரை ஆவியாக்கிச் செறிவூட்டிய கூழ் என்றால் சர்க்கரை அளவு 28 பிரிக்ஸ் வரை ஏறும். கொண்டுபோகிற செலவு குறையும். இப்படி அடைத்த கூழ் குளிர்பதனம் இல்லாமலேயே ஒன்றரை ஆண்டுக்கு மேல் கெடாது. தோட்டத்தில் முற்றிய காயோ மரத்தில் இருந்தால் உதிரும், பறித்தால் சில நாள்களில் பழுத்து அழுகும். பேரம் நடப்பது ஐந்து நாள் காத்திருக்க முடியாதவருக்கும் ஐந்நூறு நாள் காத்திருக்கக்கூடியவருக்கும் இடையே. இதில் யார் விலை சொல்வார் என்பதைக் கணிக்கப் பொருளியல் படித்திருக்க வேண்டியதில்லை.

2025-இல் நடந்தது இதுதான். முந்தைய ஆண்டு வெயிலின் கடுமையால் விளைச்சல் குறைந்து, காய்க்கு நல்ல விலை கிடைத்தது. "இருபதுக்கு மேல போச்சு சார், அதை நம்பித்தான் மருந்து அடிச்சேன்" என்றார் அந்த விவசாயி. 2025-இல் பூவும் காயும் நன்றாகப் பிடித்தன. பறிப்புத் தொடங்கியபோது, முந்தைய ஆண்டின் கூழே இன்னும் கிடங்குகளில் இருக்கிறது, வெளிநாட்டுத் தேவையும் குறைந்துவிட்டது என்றன ஆலைகள். கிருஷ்ணகிரியில் கிலோ நான்கு, ஐந்து ரூபாய்க்கு விலை சரிந்தது. வலை கட்டிய தொரட்டியால் பறிக்கும் கூலி, சுமை கூலி, வண்டி வாடகை எல்லாம் போனால் கையில் என்ன நிற்கும்? பலர் காயைப் பறிக்காமலேயே விட்டார்கள். மரத்தடியில் மஞ்சளாய்க் கிடந்து அழுகிய பழங்களை ஜெகதேவிச் சாலையில் நானே பார்த்தேன். ஆந்திரத்தில் சாலையில் கொட்டிப் போராடினார்கள். அரசியல் கட்சிகள் வந்தன, அறிக்கைகள் வந்தன.

பின்னர் நடந்தது எல்லையின் கதை. ஆந்திர அரசு, ஆலைகள் கிலோவுக்கு 8 ரூபாய் தர வேண்டும், அரசு 4 ரூபாய் மானியம் தரும், ஆக விவசாயிக்கு 12 ரூபாய் என்று அறிவித்தது. நல்ல முடிவுதான். ஆனால், 12 ரூபாய் கிடைக்கும் இடத்துக்கு 5 ரூபாய் இடத்திலிருந்து சரக்கு ஓடிவரும் என்பது இயல்பு. அதைத் தடுக்க, ஜூன் 7 அன்று சித்தூர் மாவட்ட நிர்வாகம் வெளிமாநிலத் தோத்தாபுரி உள்ளே வரக் கூடாது என்று ஆணையிட்டது. கோலார்ப் பகுதி விவசாயிகள் வண்டிகளோடு எல்லையில் நின்றனர். கர்நாடக முதல்வர் சித்தராமையா, ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடுவுக்கு ஜூன் 11 அன்று கடிதம் எழுதினார். இந்திய நிலப்பரப்பெங்கும் வணிகம் தடையின்றி நடக்க வேண்டும் என்பது அரசமைப்புச் சட்டத்தின் 301-ஆம் பிரிவு. பொது நலன் கருதி மாநிலங்கள் நியாயமான கட்டுப்பாடு விதிக்க 304-ஆம் பிரிவு வழி தருகிறது. அதற்குச் சட்டமன்றத்தில் சட்டம் வேண்டும், குடியரசுத் தலைவரின் முன் அனுமதி வேண்டும். ஒரு மாவட்ட ஆணை அதற்கு ஈடாகுமா என்பது சட்ட வல்லுநர்கள் சொல்ல வேண்டியது. என் கருத்தைக் கேட்டால், ஆகாது.

கர்நாடகத்துக்கு மத்திய அரசு சந்தைத் தலையீட்டுத் திட்டத்தின் கீழ் குவிண்டாலுக்கு 1,616 ரூபாய் என்று விலை வகுத்து, இரண்டரை லட்சம் டன்னுக்கு விலை வேறுபாட்டுத் தொகை வழங்க ஒப்புக்கொண்டது. ஆந்திரத்துக்கு வகுத்த விலை 1,490 ரூபாய் சொச்சம். ஒரே மா, ஒரே மண், ஒரே மழை. இடையில் ஒரு சோதனைச் சாவடி. குவிண்டாலுக்கு நூற்றிருபது ரூபாய்க்கு மேல் வேறுபாடு! தமிழ்நாடு அரசும் உதவி கேட்டு மத்திய அரசுக்குக் கடிதம் எழுதியது. ஆனால், கடிதம் எழுதப்படும் நேரத்தைப் பாருங்கள். விலை குறைந்தபட்சம் 10 விழுக்காடு வீழ்ந்த பிறகு, மாநிலம் கோரிக்கை வைத்து, பாதிச் செலவை ஏற்பதாக ஒப்புக்கொண்டு, மத்திய அரசு பரிசீலித்து ஆணை வெளியிட வேண்டும் என்பது திட்டத்தின் இயங்குமுறை. ஐந்து வாரத்தில் முடிந்துவிடும் பருவத்துக்கு இந்த நடைமுறை எப்படிப் பொருந்தும்? காய் ஆலைக்குள் போன பிறகு வருகிற ஆணை, விலையைத் தாங்கிப் பிடிப்பதில்லை. விழுந்தவருக்குக் கொஞ்சம் ஈடு தருகிறது, அவ்வளவே. அந்த ஈடும் தோப்பைக் குத்தகைக்கு எடுத்தவருக்குப் போகுமா, நிலத்துக்குச் சொந்தக்காரருக்குப் போகுமா என்ற வழக்கு வேறு. கிருஷ்ணகிரியில் பூவிலேயே தோப்பைக் குத்தகைக்கு விடுவது பழைய வழக்கம். நட்டத்தைச் சுமப்பவர் பெயர் அரசின் பதிவேட்டில் பல நேரம் இருப்பதே இல்லை.

விலையைக் கூட்டினால் ஆலைகள் தாங்காது என்பது எப்போதும் சொல்லப்படும் பதில். ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாட்டின் உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி, பழ பானம் என்று விற்கப்படுவதில் குறைந்தது 10 விழுக்காடு பழச்சாறு இருக்க வேண்டும். அந்தக் குறைந்த அளவையே எடுத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் பானத்தில் சுமார் 100 கிராம். கொட்டையும் தோலும் போக, காயின் எடையில் ஏறக்குறையப் பாதி கூழாகும் என்று தாராளமாக விட்டால், ஒரு லிட்டர் பானத்துக்கு 200 கிராம் காய். கிலோ 5 ரூபாய் என்றால் ஒரு லிட்டரில் உள்ள மாங்காயின் விலை ஒரு ரூபாய். 12 ரூபாய் என்றால் 2 ரூபாய் 40 காசு. கிலோவுக்கு ஏழு ரூபாய் கூடுதலாகத் தந்தால் லிட்டருக்கு ஏறுவது 1 ரூபாய் 40 காசு! அந்த ஒன்று நாற்பதுதான் ஒரு மாவட்டத்தின் பருவம் வாழ்வதும் சாவதும்.

கடந்த செப்டம்பர் 22 முதல் பழ பானங்கள் மீதான ஜிஎஸ்டி 12 விழுக்காட்டிலிருந்து 5 ஆகக் குறைக்கப்பட்டிருக்கிறது. வரியோடு சேர்த்து லிட்டர் 70 ரூபாய்க்கு விற்கும் ஒரு பானத்தை வைத்துக் கணக்கிட்டால், இந்தக் குறைப்பு மட்டும் நான்கு ரூபாய்க்கு மேல். அந்தப் பயன் நுகர்வோருக்குப் போய்ச் சேர்வதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால், அரசு மனம்வைத்தால் ஒரே இரவில் நான்கு ரூபாயை நகர்த்த முடிகிறபோது, ஒன்று நாற்பதை நகர்த்த முடியாது என்று சொல்வதை நம்ப எனக்கு மனம் வரவில்லை.

ஆலை உரிமையாளர்களை வில்லன்களாக்குவது எளிது. அது முழு உண்மை அல்ல. கூழ் ஆலைகளில் பல சிறியவை. ஆண்டில் இரண்டு, இரண்டரை மாதம் ஓடுகின்றன. மீதி மாதங்களில் எந்திரங்களுக்குத் துணி போர்த்தி வைக்கிறார்கள். அவர்களுக்கு விலை சொல்வது கூழை வாங்கும் பெரிய பான நிறுவனங்களும் வெளிநாட்டு இறக்குமதியாளர்களும். நான் சென்ற ஆலையின் கணக்காளர், கிடங்கில் அடுக்கிய நீலப் பீப்பாய்களைக் காட்டி, "இதுக்கெல்லாம் வங்கிக்கு வட்டி கட்டிக்கிட்டிருக்கோம் சார், வாங்கறவன் வரல" என்றார். பொய் சொல்கிறார் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால், அந்தக் கிடங்கில் எத்தனை பீப்பாய் என்பது அவருக்கும் வங்கிக்கும் மட்டுமே தெரியும். வாசலில் நிற்கும் விவசாயிக்குத் தெரியாது. மாவட்ட நிர்வாகத்துக்குத் தெரியாது. முந்தைய ஆண்டின் கூழ் மீதமிருப்பது ஜூன் மாதத்தில் திடீரென முளைத்த செய்தி அல்லவே? பிப்ரவரியில் அது தெரிந்திருந்தால் உழவர் எதைச் செய்திருப்பார், எதைச் செய்யாதிருந்திருப்பார்? பூவுக்கு மூன்றாவது முறை மருந்தடிக்கக் கடன் வாங்கியிருக்க மாட்டார். குத்தகைதாரர் முன்பணத்தை யோசித்துக் கொடுத்திருப்பார். ஊறுகாய்க்கும் வடமாநிலச் சந்தைக்கும் பிஞ்சிலேயே ஒரு பகுதியை அனுப்பியிருப்பார்கள்.

ஒப்பிடத்தக்க பயிர் ஒன்று நம் பக்கத்திலேயே இருக்கிறது. கரும்பும் ஆலையை விட்டால் போக்கிடமற்றது. அதுவும் வெட்டிய பிறகு காத்திருக்காது. அதனால்தான் 1966-ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை, பருவம் தொடங்கும் முன்பே விலையை அறிவிக்கச் சொல்கிறது; கரும்பு வந்த 14 நாள்களுக்குள் பணம் தர வேண்டும் என்கிறது; தாமதித்தால் 15 விழுக்காடு வட்டி என்கிறது. சர்க்கரை ஆலைகள் தங்கள் கையிருப்பை அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும். இதெல்லாம் இருந்தும் தமிழ்நாட்டில் கரும்பு நிலுவைக்காக விவசாயிகள் தெருவில் இறங்க நேர்ந்ததை நான் மறக்கவில்லை. ஆனால், நிலுவை என்று ஒன்றைக் கேட்பதற்கே ஒரு விலை எழுதப்பட்டிருக்க வேண்டும். மாங்காய் விவசாயியிடம் இருப்பது வெற்றுக் கட்டம். சட்டப்படி அவருக்கு யாரும் எவ்வளவு தர வேண்டும் என்பதே தீர்மானிக்கப்படாதபோது, எதை நிலுவை என்று வழக்காட முடியும்?

கரும்பையும் மாவையும் ஒன்றாகக் கட்ட முடியாது என்று தோட்டக்கலை அறிந்த நண்பர் ஒருவர் மறுத்தார். கரும்பை அடுத்த ஆண்டு நிறுத்திக்கொள்ளலாம். மா நாற்பது ஆண்டுகள் நிற்கும் மரம். உறுதியான விலை என்று அறிவித்தால் மேலும் மேலும் கிளிமூக்கையே நடுவார்கள், பத்தாண்டில் தேக்கம் இரட்டிப்பாகும் என்றார். இந்த வாதத்தில் வலு இருக்கிறது. ஏற்கெனவே தேவைக்கு மேல் ஒரே ரகம் நிற்பதுதான் நோயின் ஒரு பாதி. பழைய மரத்தைக் கிளைகளில் வெட்டி, துளிர்த்த கொம்புகளில் வேறு ரகத்தை ஒட்டுக் கட்டி மாற்றும் முறை உண்டு. மூன்று நான்கு ஆண்டுகளில் காய்ப்புக்கு வந்துவிடும். அந்த மூன்று நான்கு ஆண்டுகளுக்குச் சாப்பாட்டுக்கு என்ன வழி என்பதற்கு உதவித்தொகை ஒன்றே பதில். ஆனால், எல்லாரும் ஒரேயடியாகப் பங்கனப்பள்ளிக்கு மாறினால் அதன் விலையும் இதே கதிக்கு வரும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆகவே, வரம்பற்ற உறுதி விலையை நான் கேட்கவில்லை. இப்போது நிற்கும் மரங்களுக்கு, பதிவு செய்த தோப்புகளுக்கு, ஒரு குறிப்பிட்ட அளவு வரை, பருவத்துக்கு முன்பே விலை. புதிய நடவுக்கு அது கிடையாது. இப்படி ஒரு வேலி போடுவது கடினம் அல்ல.

அந்த விலையை ஒரு மாநிலம் தனியே அறிவித்தால், கடந்த ஆண்டின் எல்லைக் கூத்துதான் மீண்டும் நடக்கும். தமிழ்நாடு 12 ரூபாய் என்றால் ஆலை தன் கொள்முதலைக் கோலாருக்கு மாற்றும்; ஆந்திரம் என்றால் நம் சரக்கு சித்தூருக்கு ஓடும். கிருஷ்ணகிரியும் சித்தூரும் கோலாரும் மூன்று மாநிலங்களில் இருந்தாலும், ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் ஒரே தோப்பு. காவிரி நீருக்கும் பாலாற்றுக்கும் வழக்காடுவதில் கழித்த காலத்தில் பத்தில் ஒரு பங்கை, மூன்று அரசுகளின் வேளாண்மைச் செயலாளர்கள் மார்ச் மாதத்தில் ஒரு மேசையில் உட்காரச் செலவிட்டால் போதும். மூவரும் அப்படி உட்கார்ந்ததில்லை என்பதற்கு அரசியல் காரணங்கள் இருக்கலாம். வேளாண் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

தமிழ்நாட்டிடம் இன்னொரு கருவியும் கையில் இருக்கிறது. ஒப்பந்தப் பண்ணையத்துக்கென்று தனிச் சட்டத்தைக் கொண்டுவந்த மாநிலம் இது. 2019-இல் அதற்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தது. விலை வீழ்ந்தாலும் உயர்ந்தாலும், ஒப்புக்கொண்ட விலையை வாங்குபவர் தர வேண்டும் என்பதே அதன் சாரம். ஆலைக்கென்றே விளையும் ஒரு ரகத்தைவிட அந்தச் சட்டத்துக்குப் பொருத்தமான பயிர் வேறு எது? நான் அன்று பேசிய பத்துப் பன்னிரண்டு பேரில் அப்படி ஒரு சட்டம் இருப்பதைக் கேள்விப்பட்டவர் ஒருவர். அவரும் கையெழுத்திட்டதில்லை. "ஒப்பந்தம் போட்டா நல்ல விலை வர்ற வருஷம் நமக்கு நட்டம்தானே சார்" என்று கேட்டார். நியாயமான கேள்வி. இருபது ரூபாய் ஆண்டின் நினைவு, ஐந்து ரூபாய் ஆண்டிலும் உழவரை விட்டுப் போவதில்லை. ஆலையும் அந்த நினைவின் மீதுதான் ஓடுகிறது. இரண்டு தரப்பும் சூதாட விரும்புகிற ஆட்டத்தில் அரசு நடுவராக நிற்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் வெறும் சட்டத்தை இயற்றி அரசிதழில் போட்டுவிட்டு விலகிக்கொள்ள முடியாது.

உடனடியாக, இந்தப் பருவத்துக்கே செய்யக்கூடியது ஒன்று உண்டு. அதற்குப் பணம் வேண்டாம், மத்திய அரசின் ஒப்புதலும் வேண்டாம். மாவட்டத்தின் ஒவ்வொரு கூழ் ஆலையும் மார்ச் இறுதியில் தன் கிடங்கில் உள்ள கூழ் எத்தனை டன் என்று மாவட்ட ஆட்சியரிடம் எழுதித் தரட்டும். தனித்தனி ஆலையின் கணக்கை வெளியிட வேண்டாம். மாவட்டத்தின் கூட்டுத்தொகையைத் தோட்டக்கலைத் துறை அறிவிப்புப் பலகையில் ஒட்டினால் போதும். காய் இறக்கும்போது தரும் எடைச் சீட்டில் விலைக் கட்டம் வெறுமையாக இருந்தால் அந்தச் சீட்டு செல்லாது என்று ஓர் ஆணை. கிருஷ்ணகிரியில் ஆண்டுதோறும் அகில இந்திய மாங்கனிக் கண்காட்சி நடத்துகிற நிர்வாகத்துக்கு, நூற்றுக்கணக்கான ரகங்களைத் தட்டில் அடுக்கிப் பெயர்ச்சீட்டு எழுதி வைக்கிற துறைக்கு, இந்த ஒரு சீட்டை ஒழுங்குபடுத்துவது பெரிய வேலையாக இருக்க முடியாது.

இந்தக் கட்டுரையை எழுதுவதற்கு முன் அந்த விவசாயியைத் தொலைபேசியில் அழைத்தேன். அவருடைய எடைச் சீட்டில் விலை ஆகஸ்டு மாத இறுதியில்தான் எழுதப்பட்டதாம். பணம் தீபாவளிக்கு முந்தைய வாரம் வந்ததாம். எவ்வளவு என்று கேட்டேன். சொன்னார், சொல்லிவிட்டு, எழுத வேண்டாம் என்றார். அடுத்த பருவமும் அதே ஆலைக்குத்தான் கொண்டுபோக வேண்டியிருக்கிறது. பூ எப்படி இருக்கிறது என்று கேட்டபோது மட்டும் குரல் சற்று மாறியது. "நல்லா எடுத்திருக்கு சார். அதான் பயமா இருக்கு."